வன்னி வீட்டுக்கு ஸ்மார்ட் பிளக் பொயின்ற்: வாங்குமுன் கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சிப் பக்கத்தில் வீட்டு வயரிங் வேலை செய்கிறேன். ஜாம் போத்தல் விளக்கில் படித்து, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட ஊரில் இப்போது கைப்பேசியால் மின்விசிறியை நிறுத்த முடியுமா என்று கேட்கிறார்கள். முடியும். ஆனால் எல்லோரும் முதலில் நிறத்தையும் செயலியையும் பற்றிக் கேட்கிறார்கள். எர்த்தைப் பற்றிக் கேட்பவர் பத்தில் ஒருவர்தான். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஸ்மார்ட் பிளக், ஸ்மார்ட் பொயின்ற் இரண்டும் ஒன்றா?

இல்லை. ஸ்மார்ட் பிளக் என்பது ஏற்கெனவே சுவரில் இருக்கும் பொயின்றில் செருகும் சிறு பெட்டி. ஸ்மார்ட் பொயின்ற் என்பது சுவரில் உள்ளதைக் கழற்றிவிட்டு அந்த இடத்திலேயே பொருத்துவது. முதன்முறையாக வாங்குகிறீர்கள் என்றால் செருகும் வகையில் ஒன்றே ஒன்று வாங்குங்கள். பிடிக்காவிட்டால் கழற்றி வேறு அறைக்குக் கொண்டுபோகலாம், இடி முழங்கினால் பிடுங்கி வைக்கலாம், வயரிங்கைத் தொடவே தேவையில்லை. சுவருக்குள் பதிப்பது பார்க்க அழகு. அழகுக்கு அவசரம் இல்லை.

சுவருக்குள்தான் பதிக்க வேண்டும் என்றால்?

பெட்டியின் ஆழத்தைப் பாருங்கள். ஸ்மார்ட் பொயின்றின் பின்பக்கம் சாதாரணப் பொயின்றைவிடத் தடிப்பானது. உள்ளே மின்னைத் தொடுத்தும் துண்டித்தும் விடும் ரிலேயும் இலத்திரனியல் தட்டும் இருக்கின்றன. 35 மில்லிமீற்றர் ஆழப் பெட்டி என்றால் பெரும்பாலும் சமாளிக்கலாம். 25 மில்லிமீற்றர்ப் பெட்டிக்குள் வயரை மடித்து அமுக்கித் திருகாணியால் இறுக்கினால், இறுகுவது வயரின் காப்புறைதான்.

அடுத்தது வயர். பொயின்றுக்கு வரும் வயர் 2.5 சதுர மில்லிமீற்றராக இருக்க வேண்டும். வயரிங் செய்பவர்கள் 7/0.67 என்று சொல்வது அதைத்தான். போர் முடிந்து வீடுகள் விறுவிறுவென்று எழுந்த காலத்தில் விளக்குக்குப் போட்ட மெல்லிய வயரிலிருந்தே பொயின்றுக்கும் இழுத்துவிட்ட வீடுகளை நான் திறந்து பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட வீட்டில் ஸ்மார்ட் பொயின்ற் போடுவது, உக்கிய மரத்தில் தேக்குக் கதவு மாட்டுவதுபோல.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஸ்மார்ட் சுவிச் போடும்போது பெட்டிக்குள் நொதுமல் (நியூட்ரல்) கம்பி இல்லை என்ற தலையிடி வரும். பொயின்றில் அந்தச் சிக்கல் இல்லை. உயிர்க்கம்பி, நொதுமல், எர்த் மூன்றும் அங்கே இருந்தே ஆக வேண்டும்.

எந்த வடிவம் வாங்குவது?

சதுர முனை, 13 ஆம்பியர். இலங்கையில் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு தேசிய நியமமாக வைத்திருப்பது அதையே. 2018க்குப் பிறகு விற்பனைக்கு அனுமதிக்கப்பட்டதும் அதுதான். பழைய வீடுகளில் 5, 15 ஆம்பியர் வட்ட முனைப் பொயின்றுகள் இன்னும் இருக்கின்றன. அவற்றில் மாற்றி (அடப்டர்) ஒன்றைச் செருகி, அதன் மேல் ஸ்மார்ட் பிளக்கைச் செருகி, அதன் மேல் துணி தேய்க்கும் மின்னழுத்தியைச் செருகுவார்கள். மூன்று அடுக்கு, மூன்று தளர்ந்த தொடுகை. சூடு அங்கேதான் பிறக்கிறது. பொயின்றையே 13 ஆம்பியருக்கு மாற்றிவிட்டு வாருங்கள்.

எல்லா நாட்டுப் பிளக்கும் போகும் என்று ஒரே முகத்தில் பல துளைகளுடன் வருபவற்றை நான் பொருத்துவதில்லை. எல்லோருக்கும் இடம் கொடுக்கும் துளை யாரையும் இறுக்கிப் பிடிக்காது.

கனடாவில் இருந்து அண்ணன் பொதியில் நான்கு அனுப்பியிருக்கிறார். போடலாமா?

போடாதீர்கள். அங்கே 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். அந்த வகையின் முதுகில் 125 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் இங்கே செருகிய கணமே கதை முடிந்துவிடும். அனுப்பியவர் மனம் நோகாமல் இருக்க அலுமாரியில் வைத்துக்கொள்ளலாம்.

லண்டனிலிருந்து வந்தால் கவலையில்லை. அதே 230 வோல்ட், அதே சதுர முனை. ஜேர்மனி, பிரான்ஸ் வகைகளுக்கு மின்னழுத்தம் பொருந்தும், முனை பொருந்தாது. அவற்றுக்கு எர்த் வருவது பக்கவாட்டுத் தகட்டாலோ தனி முனையாலோ. மலிவான மாற்றியில் செருகும்போது அந்த எர்த் காணாமல் போய்விடும், வெளியே எதுவும் தெரியாது. தொலைக்காட்சிக்கு ஓரளவு பொறுக்கலாம். குளிர்சாதனப் பெட்டிக்கும் சலவை இயந்திரத்துக்கும் பொறுக்க முடியாது.

பெட்டியில் 10 ஆம்பியர், 16 ஆம்பியர் என்று இருக்கிறதே?

ஆம்பியரை 230ஆல் பெருக்குங்கள். 10 ஆம்பியர் என்றால் 2300 வாட்ஸ், 13 என்றால் ஏறத்தாழ 3000, 16 என்றால் 3680. ஆனால் 13 ஆம்பியர்ப் பொயின்றில் 16 ஆம்பியர்ப் பிளக்கைச் செருகிவிட்டால் பொயின்ற் 16 ஆகிவிடாது. தொடர்ந்து மணிக்கணக்கில் ஓடும் பொருளுக்கு எழுதியிருக்கும் எண்ணில் முக்கால் பங்குக்குமேல் ஏற்றாமல் இருப்பது என் வழக்கம். வன்னி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அந்தப் பெட்டி ஏற்கெனவே பாதி வெந்துதான் இருக்கிறது.

கிணற்று மோட்டரை ஸ்மார்ட் பிளக்கில் ஓட்டலாமா?

அதிகம் கேட்கப்படுவது இதுதான், அதிகம் எரிந்துபோவதும் இதனால்தான்.

ஒரு குதிரைவலு மோட்டர் ஓடும்போது 6, 7 ஆம்பியர்தான் எடுக்கும். பிளக்கில் 16 என்று இருக்கிறது, தாராளம் என்று தோன்றும். ஆனால் அந்த 16 என்பது பெரும்பாலும் கேத்தல், மின்னழுத்தி போன்ற வெறும் சூட்டுச் சுருள்களுக்குச் சொன்ன கணக்கு. மோட்டர் கிளம்பும் கணத்தில் ஓடும் மின்னோட்டத்தைப்போல 5 முதல் 7 மடங்கு இழுக்கும். 30, 40 ஆம்பியர் ஒரு கணம் பாயும்போது ரிலேயின் இரண்டு தொடுகைகளுக்கு இடையில் பொறி பறக்கும். பறந்து பறந்து ஒருநாள் அவை ஒட்டிக்கொள்ளும். அப்போது செயலியில் நிறுத்தியதாகக் காட்டும். கிணற்றடியில் மோட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். எங்கள் வளவில் என் கையாலேயே இதைச் செய்து பார்த்திருக்கிறேன். தாங்கி நிரம்பி வழிந்து, அயல் வீட்டுக்காரர் வந்து படலையில் தட்டியபோதுதான் எனக்குத் தெரிந்தது.

சரியான முறை இது. மோட்டருக்குக் கொன்டாக்டர் ஒன்றையும், அதாவது சுருளால் இயங்கும் பெரிய சுவிச்சையும், அதிசுமைக் காப்பையும் பொருத்துங்கள். ஸ்மார்ட் பிளக் அந்தக் கொன்டாக்டரின் சுருளை மட்டும் இயக்கட்டும். சுருளுக்குத் தேவை சில வாட்ஸ்தான். பளுவைக் கொன்டாக்டர் சுமக்கும். கூடவே தானாக நிறுத்தும் நேரத்தையும் கட்டாயம் போட்டுவிடுங்கள். தாங்கி 25 நிமிடத்தில் நிரம்பும் என்றால் 30 நிமிடத்தில் நிற்கட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓகஸ்ட், செப்டெம்பரில் நீர்மட்டம் இறங்கும்போது கண்ணால் பார்க்காமல் மோட்டரைப் போட்டால் அது வெறுமனே ஓடிக் கருகும். அதைவிடப் பெரிய ஆபத்து, கிணறு துப்புரவாக்க ஆள் இறங்கியிருக்கும்போது வவுனியாவிலிருந்தோ கொழும்பிலிருந்தோ ஒருவர் விரலால் தட்டிவிடுவது. ஆள் இறங்குமுன் பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். செயலியில் நிறுத்தியதை நம்ப வேண்டாம்.

உண்மையில் உங்களுக்குத் தாங்கி வழியாமல் இருப்பதுதான் தேவை என்றால் மிதவைச் சுவிச் ஒன்று போதும். விலை குறைவு, இணையம் வேண்டாம், கடவுச்சொல் மறக்காது.

எர்த் ஏன் இவ்வளவு முக்கியம்? ட்ரிப் சுவிச் இருக்கிறதே?

நம் நாட்டில் மின் வழங்கும் நிறுவனம் உங்களுக்கு எர்த்தைக் கம்பியில் அனுப்புவதில்லை. உங்கள் வளவில் நிலத்தில் அடித்த கோல்தான் உங்கள் எர்த். கசிவு வந்தால் மின் அந்தக் கோல் வழியாக மண்ணுக்குள் இறங்க வேண்டும். இறங்கினால்தான் 30 மில்லிஆம்பியர் ட்ரிப் சுவிச் அதை உணர்ந்து விழும். கோல் சரியில்லாவிட்டால், மின் இறங்கும் வழி நீங்கள். நீங்கள் தொட்ட பிறகுதான் அது விழும்.

ட்ரிப் சுவிச்சில் உள்ள பரிசோதனைப் பொத்தானை அழுத்தினேன், விழுந்தது, எர்த் சரி என்பார்கள். அந்தப் பொத்தான் எர்த்தைச் சோதிப்பதே இல்லை. உயிர்க்கம்பிக்கும் நொதுமலுக்கும் இடையில் உள்ளுக்குள் ஒரு சிறு கசிவை உண்டாக்கி, சுவிச் விழுகிறதா என்று மட்டும் பார்க்கிறது. எர்த் கோலே இல்லாத வீட்டிலும் அது அழகாக விழும்.

எர்த்தின் மின்தடையை அளப்பதற்குத் தனிக் கருவி இருக்கிறது. எப்போது அளப்பது என்பதும் முக்கியம். மார்கழி மழையில் நிலம் ஊறியிருக்கும்போது எந்தக் கோலும் நல்ல பிள்ளை. ஆவணியில் மண் வெடித்துக் கிடக்கும்போது அளந்து பாருங்கள். முல்லைத்தீவுக் கரையோர மணலில் காய்ந்த மேல்மண்ணைத் தாண்டி ஈரம் வரை கோல் போக வேண்டும். சில வீடுகளில் இரண்டு, மூன்று கோல்களை இடைவெளி விட்டு அடித்து இணைத்தால்தான் அளவு இறங்குகிறது. கோடையில் 100 ஓமுக்குக் கீழே வராமல் நான் வேலையை முடித்துக்கொள்வதில்லை.

ஸ்மார்ட் பொயின்றுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். ஸ்மார்ட் பொயின்றில் உள்ள ரிலே பெரும்பாலும் உயிர்க்கம்பியை மட்டுமே துண்டிக்கிறது. வயரிங்கில் உயிர்க்கம்பியும் நொதுமலும் மாறிப் போயிருந்தால், செயலியில் நிறுத்திய பிறகும் பொருளுக்குள் மின் இருக்கும். நிறுத்திவிட்டோம் என்ற நம்பிக்கையில் கை வைப்பீர்கள். அந்தப் பொருளில் கசிவும் இருந்தால், உங்களைக் காப்பது எர்த்தும் ட்ரிப் சுவிச்சும்தான்.

கரண்ட் போய் வந்தால் என்ன ஆகும்?

வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். 2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததையும், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் இருண்டு, பழி பாணந்துறை உபமின் நிலையத்துக் குரங்கு ஒன்றின் மேல் விழுந்ததையும் மறந்திருக்க மாட்டீர்கள். கரண்ட் திரும்பும்போது சில பிளக்குகள் இயங்கும் நிலையில் விழிக்கும், சில நின்ற நிலையில் விழிக்கும், சில முன்பு எப்படி இருந்தனவோ அப்படியே விழிக்கும். நல்லவற்றில் இதை நாமே தெரிவு செய்யலாம். தெரிவு செய்ய முடியாததை வாங்க வேண்டாம். மின்னழுத்தி, கேத்தல், மோட்டர் எல்லாம் நின்ற நிலையிலேயே விழிக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டி மட்டும் இயங்கும் நிலையில்.

இணையம் இல்லாதபோது நேர அட்டவணை வேலை செய்யுமா?

பல பிளக்குகள் அட்டவணையைத் தமக்குள்ளேயே சேமிக்கின்றன. இணையம் அறுந்தாலும் மாலை 6 மணிக்கு விளக்கு எரியும். ஆனால் அவற்றுள் பெரும்பாலானவற்றில் கடிகாரத்துக்கு மின்கலம் இல்லை. கரண்டும் போய், கரண்ட் வந்த பிறகு இணையமும் வராமல் இருந்தால், அதற்கு மணி எத்தனை என்றே தெரியாது. ரவுட்டருக்கு ஒரு சிறு மின்கலப் பெட்டி வைத்தால் இதில் பாதி தீரும்.

வீட்டில் ரவுட்டரே இல்லை, கைப்பேசி டேட்டாதான்.

அப்படியானால் வைஃபை பிளக் வேண்டாம். கைப்பேசி உங்களோடு சந்தைக்குப் போகும்போது பிளக்கின் உலகமும் போய்விடும். திருகி வைக்கும் சாதாரண நேரச் சுவிச் வாங்குங்கள்.

ரவுட்டர் இருக்கிறது, ஆனாலும் இணைய மறுக்கிறது.

பெரும்பாலானவை 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபையை மட்டுமே அறியும். ரவுட்டர் 5 கிகாஹேர்ட்ஸையும் அதே பெயரில் வெளியிட்டால் குழப்பம் வரும். இணைக்கும் நேரத்துக்கு மட்டும் 5ஐ நிறுத்திவிடுங்கள். தகரச் சுவர் வைஃபையை நன்றாகவே மறிக்கும். கிணற்றடி 40 மீற்றர் தள்ளி இருந்தால் அங்கே வைஃபை எட்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஸ்மார்ட் கருவிகளுக்கென 2022 ஒக்டோபரில் வெளிவந்த மேட்டர் என்ற பொது நியமத்துக்கு இசைவானது கிடைத்தால் நல்லது. வீட்டுக்குள்ளேயே கட்டளை போகும், தயாரித்த நிறுவனத்தின் வழங்கி (சேர்வர்) படுத்தாலும் உங்கள் விளக்கு படுக்காது.

இதனால் மின்பட்டியல் குறையுமா?

பிளக்கால் குறையாது. பிளக் சொல்வதைக் கேட்டு நீங்கள் ஏதாவது செய்தால் குறையும்.

நான் எல்லோருக்கும் மின் அளவி உள்ள வகையையே வாங்கச் சொல்வது இதற்காகத்தான். தூரத்திலிருந்து இயக்குவது முதல் வாரத்து விளையாட்டு. அளவிதான் வருடக்கணக்கில் உதவும். மாதம் 60 அலகைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே கட்டண வீதம் மாறிவிடும் என்பதை இங்கே பலர் அறிவதில்லை. தாண்ட வைத்தது எது என்று கண்டுபிடிக்க ஒரே ஒரு பிளக் போதும். ஒரு வாரம் குளிர்சாதனப் பெட்டியில், அடுத்த வாரம் தொலைக்காட்சியில், பிறகு சலவை இயந்திரத்தில் என்று மாற்றி மாற்றிச் செருகிக் கொப்பியில் எழுதுங்கள். மாமி ஒருவர் வீட்டில் எல்லோரும் பேரனின் கணினியைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அளந்தபோது குற்றவாளி, கதவு றப்பர் தேய்ந்து இரவுபகலாக ஓடிக்கொண்டிருந்த பழைய குளிர்சாதனப் பெட்டி. பேரனிடம் யாரும் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை.

பிளக்கும் தன் பங்குக்குத் தின்னும். சும்மா செருகியிருந்தாலே 1 வாட் என்று வையுங்கள், மாதம் 0.72 அலகு. ஐந்து பிளக் என்றால் 3.6. மாதம் 58 அலகில் நிற்கும் வீட்டை 60க்கு மேல் தள்ள அதுவே போதும்.

மின்னழுத்தம் இறங்கி ஏறுகிறது. தாங்குமா?

230 வோல்ட்டில் 6 சதவீதம் கூடலாம், குறையலாம் என்பது விதி. அதாவது 216இலிருந்து 244 வரை. மின்மாற்றியிலிருந்து தூரத்தில், வரிசையின் கடைசியில் உள்ள வீடுகளில், எல்லோரும் மோட்டர் போடும் நேரத்தில் இதைவிடக் கீழே இறங்குவதை நான் அளந்திருக்கிறேன். பிளக் அதைத் தாங்கும். குளிர்சாதனப் பெட்டியின் அமுக்கி (கொம்பிரசர்) தாங்காது. அளவியுள்ள பிளக் வோல்ட்டையும் காட்டும் என்றால், நேரத்தோடு படம் பிடித்து வையுங்கள். முறைப்பாடு எழுதும்போது “கரண்ட் குறைவு” என்பதைவிட “மாலை 6.40க்கு 189 வோல்ட்” என்பது வலுவாக நிற்கும்.

இடி, மின்னலுக்கு?

செயலியில் நிறுத்துவது பயன்படாது. ரிலேயின் இடைவெளி மிகச் சிறியது. மின்னல் வானத்திலிருந்து வந்தது. சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் கருக்கும்போது, இடி நெருங்குமுன்னரே கையால் பிடுங்குங்கள்.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்து அம்மா வீட்டு விளக்கைப் போடலாமா?

போடலாம், போடுகிறார்கள். ரொறன்ரோவில் பிற்பகல் நான்கரை என்றால் கோடைகாலத்தில் இங்கே அதிகாலை 2 மணி. அங்கே வேலை முடிந்த மகன் ஆசையாக ஒரு தட்டுத் தட்ட, இங்கே தனியாகப் படுத்திருந்த தாய் வெளி விளக்கு தானாக எரிவதைப் பார்த்து விடியும்வரை தூங்கவில்லை. பெற்றோரிடம் கேட்காமல் இயக்குவதில்லை என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பிளக்கைக் கையால் இயக்கும் பொத்தான் எது என்று அம்மாவுக்குக் காட்டிக்கொடுங்கள். அங்கே திறந்த கணக்கு என்றால் நேர வலயம் கொழும்பு என்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

கணக்கு யார் பெயரில் இருக்க வேண்டும்?

வீட்டுக்காரர் பெயரில். பொருத்த வந்தவரின் கைப்பேசியில் திறந்துவிட்டு அவர் போய்விட்டால், உங்கள் வீட்டுச் சாவி அவர் சட்டைப்பையில் இருக்கிறது என்று பொருள். நானும் அப்படிப் போகக் கூடாது, கேட்டு வாங்குங்கள்.

வயலுக்கு யானை, பன்றி வராமல் இருக்க வேலிக் கம்பிக்குக் கரண்ட் கொடுத்து, அதை ஸ்மார்ட் பிளக்கில் இயக்கலாமா?

கூடாது. வீட்டுக் கரண்டை வேலிக்குக் கொடுப்பது சட்டவிரோதம். அதில் செத்தவர்கள் பெரும்பாலும் அதே ஊர்க்காரர்கள். முறையான யானை வேலி தனிக் கருவியால் விட்டுவிட்டு வரும் துடிப்பில் இயங்குவது. அது அடிக்கும், பிடித்து வைத்திருக்காது. இந்த வேலைக்கு யார் கூப்பிட்டாலும் நான் வருவதில்லை.

இன்வேட்டரில் ஓடும் வீட்டுக்கு?

தூய சைன் அலை இன்வேட்டர் என்றால் சரி. மலிவான, படிக்கட்டு வடிவ அலை தரும் இன்வேட்டரில் சில பிளக்குகளின் உள் மின்வழங்கல் சூடேறிக் கெடும்.

பொயின்றுக்குள் எறும்பு, பல்லி போகிறது.

வன்னியில் இது சிரிக்கும் கேள்வி அல்ல. உள்ளே எப்போதும் இளஞ்சூடு இருப்பதால் ஸ்மார்ட் பொயின்ற் அவற்றுக்கு நல்ல வீடு. பெட்டிக்குள் வயர் வரும் குழாய் வாயை அடைத்துவிடுங்கள். பயன்படாத துளைகளில் மூடிச் செருகியைப் போடுங்கள். எறும்பு மருந்தை உள்ளே விசிற வேண்டாம். முதன்மைச் சுவிச்சை நிறுத்திவிட்டு, கழற்றி, காய்ந்த தூரிகையால் தட்டுங்கள். முட்டை இட்டிருந்தால் பொயின்றையே மாற்ற வேண்டி வரலாம். கடைக்காரர் உத்தரவாத அட்டையில் பல்லியைச் சேர்த்துக்கொள்ள மாட்டார், கேட்டுப் பார்த்துவிட்டேன்.